ஆறாவது நிமிடத்தில் பேசுவாள்

நீங்கள் கொடுத்தனுப்பிய படிவத்தில் இடம் போதவில்லை, டாக்டர். ‘நோயாளியிடம் முதன்முதலில் கவனித்த மாற்றம் என்ன, எப்போது’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு இரண்டே கோடு விட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து கொஞ்சம் பெரியது. அதனால் தனித்தாளில் எழுதிப் படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். பெயர், வயது, முகவரி எல்லாம் படிவத்திலேயே நிரப்பியாகிவிட்டது.

‘நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு’ என்ற இடத்தில் ‘உடன் வேலை செய்பவர், எட்டு வருடம்’ என்று போட்டிருக்கிறேன். கலைக்கூடத்தில் வீடியோ படங்களைச் சுவரில் ஓடவிடுவது என் வேலை. புரொஜெக்டரைத் தொங்கவிடுவது, ஸ்பீக்கர் வைப்பது, யார் காலிலும் தடுக்காதபடி வயரைத் தரையோடு ஒட்டுவது. அங்கே எல்லாரும் என்னை வயர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூடத்தின் இயக்குநர் அம்மாவுக்கு என் சொந்தப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். அங்கே படம் வைக்கிற கலைஞரான மேடம், அதாவது உங்கள் நோயாளி, மட்டும் தம்பி என்பார். என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ அவமானம் தாங்காமல் செய்துவிட்டான் என்று நீங்கள் பின்னால் நினைக்கக் கூடாது.

வீடியோ கலை என்றால் என்ன என்று நீங்கள் கேட்டால், எட்டு வருடம் அதிலேயே கிடந்த எனக்கும் முழுசாகச் சொல்லத் தெரியாது. கறுப்படித்த ஓர் அறை. சுவரில் ஒரு படம். முடிந்ததும் அதுவே மறுபடி ஆரம்பிக்கும். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்கள் நடுவில் நுழைவார்கள், மோவாயில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள், நடுவிலேயே போய்விடுவார்கள். பொழுது போகாமல் நான் கணக்கெடுத்திருக்கிறேன். ஓர் ஆள் நிற்பது சராசரியாக ஒன்றரை நிமிடம். மேடத்தின் படத்தைப் பற்றிப் பத்திரிகையில் முக்கால் பக்கம் எழுதிய விமர்சகர் மூன்று நிமிடம் நின்றார். அதில் ஒரு நிமிடம் போனில் இருந்தார்.

மேடமும் தன் படங்களைப் பார்க்க மாட்டார். “பார்த்தா எனக்குக் குறைதான் தெரியும் தம்பி, நீயே பார்த்துக்கோ” என்பார். அவருடைய மூலப் பிரதி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். ஒவ்வொரு கண்காட்சிக்கும் அதிலிருந்து ஓடவிடுகிற பிரதியை நான்தான் எடுப்பேன். ஆக, அந்தப் படங்களை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்க்கிற ஜீவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். என்னுடைய வேலை எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் அவருடைய உரைகள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, மாலை நாலு மணி, நாற்பது நாற்காலி. கலைஞர் தன் படத்தைப் பற்றிப் பேசுவார், பிறகு கேள்வி பதில். மற்ற கலைஞர்கள் தாள் வைத்துக்கொண்டு திணறுவார்கள். மேடம் திரைக்கு முதுகு காட்டி நிற்பார். பின்னால் படம் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்க்காமலே “இப்போ அந்தப் பக்கெட்டுல தண்ணி ஆடும் பாருங்க” என்பார், ஆடும். “இப்போ ஒரு கை வரும்” என்பார், கை வரும். இருபத்தைந்து வருடத்துப் படங்களையும் கரைத்துக் குடித்தவர். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அவருக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. நான் பின்னாலிருக்கும் கண்ணாடி கேபினில் உட்கார்ந்து ஐந்து வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மாற்றம் இரண்டரை வருடத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, நாலேகால் மணிக்கு. தேதி படிவத்தில் இருக்கிறது. சலவைக்கடையில் எடுத்த படம் அது. “முதல்ல பக்கெட், அப்புறம்தான் கை” என்று மேடம் சொன்னபோது பின்னால் கை வந்துவிட்டிருந்தது. இரண்டாவது வரிசையில் ஓவியக் கல்லூரிப் பெண் ஒருத்தி, நல்ல பெண், தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். “மேடம், கைதான் முதல்ல வந்துச்சு.” மேடம் திரும்பிப் பார்த்தார். பக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. சிரித்து, “வயசாகுது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த இரண்டு ஷாட்டையும் முந்தின நாள் நான்தான் இடம் மாற்றி வைத்திருந்தேன்.

நீங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, நிதானமாகவே வாருங்கள். நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. ஏன் செய்தேன் என்று சொல்லாமல் எப்படிச் செய்தேன் என்று மட்டும் சொன்னால் என்னைக் கிறுக்கன் என்று எழுதிவிடுவீர்கள். உங்கள் தொழில் அப்படி.

எனக்கு ஒரு தங்கை. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா அம்மா ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு இருபது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, நாங்கள் இரண்டே பேர். அவளைப் படிக்க வைத்தது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, யாரோடு பேசலாம் யாரோடு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தது, எல்லாம் நான். பிறகு ஒரு தையல் கூடத்தில் காஜா போடுகிற வேலைக்குப் போனாள். ஐந்தேமுக்காலுக்கு விடுவார்கள், ஆறு பத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும். ஆறு பதினைந்து ஆனால் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். கண்ணும் கருத்துமாக வளர்த்தேன் என்று எங்கள் மாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு நல்ல இடம் பார்த்தேன். ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்த பையன். கேட்டபோது சரி என்றாள். பிறகு, தான் சரி என்று சொல்லவே இல்லை என்றாள். அவள் சொன்னதை நான்தான் அவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. எந்த இடத்தில் நின்று சொன்னாள், என்ன துணி உடுத்தியிருந்தாள் என்பது உட்பட எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “அப்படியா அண்ணா, சொன்னேனா?” என்றாள். அத்தோடு அது முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேடம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தையல் கூடத்துக்குள் மூக்கை நுழைத்தார். வேலை செய்கிற பெண்களை ஒவ்வொருத்தியாக நாற்காலியில் உட்கார வைத்து, ‘எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா இருங்கள், தோன்றினால் ஏதாவது சொல்லுங்கள்’ என்று படம் பிடித்திருக்கிறார். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். பாப்பாவின் முகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். ஆறரை நிமிடப் படம். ஆறாவது நிமிடத்தில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். “எனக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு.” பிறகு சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவ்வளவுதான் படம்.

இப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது, டாக்டர். ஒருநாள் காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கலைக்கூடத்துக்கு எதிரே சிக்னலில் பஸ் நின்றது. வெளிச்சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர். அதில் என் தங்கையின் முகம். முகத்துக்குக் கீழே, அவள் வாயிலிருந்து வந்ததாக, அந்த வாக்கியம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, “ஐயோ பாவம், வீட்ல என்ன பாடு படுத்துறானுங்களோ” என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சிக்னல் தொண்ணூறு வினாடி. அது பச்சையாகிற வரை நான் அந்த முகத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊர் வாயை மூட முடியுமா? மாடியில் எல்லாரும் பார்த்தார்கள். தையல் கூடத்து முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டில் காதும் காதும் வைத்ததுபோல் விலகிக்கொண்டார்கள். நான் பாப்பாவிடம் கோபப்படவே இல்லை. அன்று மாலை உட்கார வைத்து, நீ இப்படிச் சொல்லியிருக்க மாட்டாய், அந்த அம்மாதான் சொல்லிக் கொடுத்துச் சொல்ல வைத்திருக்கிறாள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நாலைந்து நாள் தினமும் சொன்னேன். பாதி ஒப்புக்கொண்டுவிட்டாள். மூன்றாவது வாரம் ஒரு காலை, காஜா ஊசியும் இரண்டு சேலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேஜையில் ஒரு சீட்டு: “மேடம் ஒரு இடம் பார்த்துக் குடுத்திருக்காங்க. தேட வேண்டாம்.”

ஒன்பது வருடமாக அவளை நான் பார்க்கவில்லை. யார் காரணம் என்று உங்களுக்கே புரியும். ஒரு வாக்கியத்தைச் சுவரில் எழுதி ஒட்டி ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்ட பெண்மணி, அந்த வாக்கியம் தன் கற்பனை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பழிவாங்குவது என்றுகூடச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மறு வருடம் அந்தக் கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். நான் ஏற்கெனவே எலக்ட்ரீஷியன், சிரமம் இருக்கவில்லை. வயர் ஒட்டுகிறவனுக்குத் தங்கை உண்டா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஐந்து வருடம் நேர்மையாக வேலை பார்த்தேன். ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. எடிட்டிங் கற்றுக்கொண்டேன். மேடம் என் கையில் ஹார்ட் டிஸ்க்கை முழுசாக ஒப்படைக்கிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஷாட்டை மாற்றுவது பெரிய காரியம் இல்லை, டாக்டர். எவனும் செய்வான். அதற்கு அடுத்த திங்கட்கிழமை நடந்ததுதான் விஷயம். திங்கள் கூடத்துக்கு விடுமுறை. மேடம் தன்னுடைய பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்தப் படத்தில் எந்த ஷாட் எப்போது என்று கையால் எழுதி வைத்த நோட்டு. “பாரு தம்பி, பக்கெட்தான் முதல்ல. நீ தப்பான ஃபைலைப் போட்டுட்ட போல” என்றார். நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவன்போல் கொஞ்சம் நின்றேன்.

“மேடம், நீங்கதானே போன மாசம் மாத்தச் சொன்னீங்க?”

“நானா?”

“ஆமா மேடம். இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தீங்க. கை முதல்ல வந்தா நல்லா இருக்கும்னு சொன்னீங்க. நான்கூட வேணாமேன்னேன்.”

கடைசி வரியை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, தானாக வந்தது. அதுதான் நன்றாக வேலை செய்தது. மேடம் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “ஆமாமா, ஏதோ சொன்னேன்” என்றார். அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சொல்லாததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? ஆனாலும் ஒப்புக்கொண்டார். நன்றாகப் படித்தவர்களே சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறான் என்று நினைப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று. ஒரு படத்தில் வந்த இருமலை எடுத்தேன். இன்னொன்றில் சுவரின் பச்சையை நீலமாக்கினேன். ஒரு படத்தை முப்பது வினாடி குறைத்துவிட்டு, சுவரில் ஒட்டுகிற குறிப்பிலும் அதற்கேற்பப் புது நேரத்தை அச்சடித்து ஒட்டினேன். மூலப் பிரதியிலும் மாற்றிவிடுவேன். அவரே நம்பாமல் விட்ட அந்த நோட்டைத் தவிர ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. சில மாதம் ஒன்றுமே செய்ய மாட்டேன். அந்த மாதங்களில் அவராகவே தடுமாற ஆரம்பித்தார். சரியாகச் சொல்லிவிட்டு, “சரியா சொன்னேனா?” என்று கூட்டத்தைக் கேட்பார். திரைக்கு முதுகு காட்டுவதை விட்டார். தாள் வைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தாளையும் நம்பாமல் கேபின் பக்கம் பார்ப்பார். நான் தலையாட்டினால் தொடர்வார்.

நல்ல தமாஷ் ஒன்று. பக்கெட்டை ஒரு முறை மொத்தமாகத் தூக்கிவிட்டேன். முன்பு முக்கால் பக்கம் எழுதிய அதே விமர்சகர், பக்கெட் இல்லாமல் போனதால் உண்டான வெறுமையைப் பற்றி இந்த முறை முழுப் பக்கம் எழுதினார். இயக்குநர் அம்மா அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார். என் வேலையைப் பாராட்டி வந்த எழுத்து அது ஒன்றுதான்.

மேடம் தன்னுடைய பிரச்சினையை முதலில் சொன்னதும் என்னிடம்தான். மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் கேபினுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, “தம்பி, எனக்குத் தலையில என்னமோ ஆயிட்டிருக்கு” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைக்கலாம். இல்லை. சந்தோஷமாக இருந்தது. ஆனால் “ஒண்ணும் இல்ல மேடம், நான் இருக்கேன்ல” என்று சொன்னேன்; அதுவும் உண்மைதான்.

அப்புறம் அந்த இருபத்தைந்து வருடக் கண்காட்சி. எல்லாப் படங்களும் சேர்த்து, எல்லா அறைகளிலும். கடைசி நாள் உரைக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். மேடம் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். அவர் தடுமாறாமல் சொல்லக்கூடிய ஒரே படம் அதுதான். மற்றதெல்லாம் கை நழுவிப் போன பிறகும் பாப்பாவின் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அதுவரை நான் அந்தப் படத்தைத் தொடவே இல்லை.

அன்று பழைய தைரியம் அவருக்குத் திரும்பியிருந்தது. தாளை மேஜையில் வைத்துவிட்டுத் திரைக்கு முதுகு காட்டி நின்றார். “இந்தப் பொண்ணு அஞ்சு நிமிஷம் சும்மா இருப்பா. ஆறாவது நிமிஷத்துல பேசுவா. ஒரே வாக்கியம். என் வாழ்க்கையில நான் எடுத்ததுலயே உண்மையானது அதுதான்” என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இருநூறு பேரும் காத்திருந்தார்கள். ஆறாவது நிமிடம் வந்தது. பாப்பா கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள், சிரித்தாள், எழுந்து போனாள். காலி நாற்காலி மட்டும் தெரிந்தது.

அந்தப் பதினான்கு வினாடியை எடுத்துவிட்டு, அவள் சும்மா இருக்கிற வேறு பதினான்கு வினாடியை அங்கே வைத்திருந்தேன். வெட்டு தெரியாமல் ஒட்டுவதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது.

யாராவது எழுந்து, இல்லையே, முன்பு பேசினாளே என்று சொல்லியிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் முப்பது பேராவது ஒன்பது வருடத்துக்கு முன்பே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். கூடத்தின் நூலகத்தில், பழைய கண்காட்சிப் புத்தகத்தில் அந்த வாக்கியம் அச்சிலேயே இருக்கிறது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்த உலகத்தில் ‘எனக்குப் புரியவில்லை’ என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பேசுவாள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் விடுவதுதான் இந்தப் புதுப் பிரதியின் கருத்து என்று எடுத்துக்கொண்டார்கள். நடுவரிசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

மேடம் திரும்பினார். படம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. தன் படத்தை நின்று முழுசாகப் பார்த்தார். கைதட்டல் மெல்ல அடங்கிப்போனது. ஆறாவது நிமிடம் திரும்ப வந்தது. பாப்பா சிரித்துவிட்டு எழுந்து போனாள். மேடம் கையிலிருந்த மைக்கோடு கேபின் பக்கம் பார்த்தார்.

“தம்பி, இந்தப் பொண்ணு பேசுவா இல்ல?”

நான் என் மைக்கைப் போட்டேன். “இல்ல மேடம்.”

“பயமா இருக்குன்னு சொல்வாளே.”

“அது பேனர்ல எழுதியிருந்தது மேடம். படத்துல அவ எப்பவுமே பேசினதில்ல.”

மேடம் மைக்கை வாயருகே வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சின்னக் குரலில் சொன்னார். “அப்போ அவ சொல்லலையா? நானா எழுதிட்டேன்?”

ஒன்பது வருடம் நான் காத்திருந்தது அதற்காகத்தான், டாக்டர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், மகள் ஓடிவந்து தூக்கினார், நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். நான் புரொஜெக்டரை அணைத்துவிட்டு வழக்கம்போல் வயரைச் சுருட்டினேன். வாசலில் இயக்குநர் அம்மா யாரிடமோ, “புது வெர்ஷன் என்னமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரிந்ததுதான். மகள் அவரை உங்களிடம் அழைத்து வந்தார். நீங்கள் படம் காட்டிப் பெயர் கேட்டீர்கள், கடிகாரம் வரையச் சொன்னீர்கள். மேடம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை; எல்லாவற்றுக்கும் மகளின் முகத்தைப் பார்த்தார். நீங்கள் ஒரு நோயின் பெயரை எழுதி மாத்திரை ஆரம்பித்துவிட்டீர்கள். போன வாரம் மகள் போனில் அழுதுகொண்டே சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். அது நோய் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடுங்கள். அவருடைய மூளை உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. கொடுமைக்காரனாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். என் வேலை முடிந்துவிட்டது. இனி அவர் தன் ஞாபகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்மேல் எந்தச் சட்டப்படி வழக்குப் போடுவார்கள் என்று தெரியவில்லை. பதினான்கு வினாடி வெட்டியதற்கு என்ன தண்டனையோ, வாங்கிக்கொள்கிறேன்.

நேர்மையாக எழுத உட்கார்ந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மகள் ஸ்டுடியோ சாவியை என்னிடம் கொடுத்தார். “அம்மா சாமானையெல்லாம் நீங்களே பிரிச்சு வெச்சுடுங்கண்ணா, உங்களைத்தான் நம்புறோம்” என்றார். அங்கே ஒரு பெட்டியில் பாப்பாவைப் படம் பிடித்த முழுப் பதிவும் இருந்தது, வெட்டாமல், நாற்பது நிமிடம். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவள் எழுந்து போகவில்லை. அப்படித் தெரிவது மேடத்தின் எடிட்டிங். உண்மையில் உட்கார்ந்தபடியே இருக்கிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறது.

“அண்ணன் மட்டும்தான்.”

“அடிப்பாரா?”

“அதெல்லாம் இல்ல மேடம். நான் பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்லும். நான் சொல்லாததைச் சொன்னேன்னு சொல்லும். சத்தமே போடாது. பொறுமையா, தினம் சொல்லும். கொஞ்ச நாள்ல எது நடந்துச்சுன்னு எனக்கே தெரியாமப் போயிடுது. இப்போ இங்க வந்து உட்கார்ந்தேனான்னுகூட நாளைக்கு எனக்குச் சந்தேகமா இருக்கும். நீங்க எடுத்து வெச்சிருக்கீங்க இல்ல?”

மேடம் எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறார். இதையும் படத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறார். பாப்பா வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். “அண்ணனுக்கு அசிங்கமாயிடும். பயமா இருக்குன்னு மட்டும் வெச்சுக்கோங்க.”

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன். அதை வைத்திருப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. மேடத்துக்கு இன்னும் குழப்பம்தான் வரும்.

அதே பெட்டியில் மேடத்தின் டைரியும் இருந்தது, அதில் பாப்பாவின் இப்போதைய முகவரி. பஸ்ஸில் ஆறு மணி நேரம். நாளை வியாழக்கிழமை காலை கிளம்புகிறேன். போகிற வழியில் இதைத் தபாலில் போட்டால் சனிக்கிழமை உங்கள் கைக்கு வரும். அதற்குள் அவளோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசியிருப்பேன். அந்தப் பதிவில் அவள் சொன்னதை வைத்து என்னைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள், டாக்டர். பொய் சொல்கிற பெண் இல்லை அவள். சின்ன வயதிலிருந்தே ஞாபகம்தான் கொஞ்சம் சரியில்லை. நான் பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுத்தால் போதும், ஒப்புக்கொள்வாள்.